தலைக்காயம்: தேறுவதும் தேற்றுவதும்

(நமது பங்கின் பொன்விழா ஆண்டையொட்டிப் பங்கு மண்டபத்தில் நடைபெற்ற குடும்ப நல்வாழ்வுக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இந்த மாதக் கூட்டத்தில் நாமே பேச வேண்டும் என்று பொன்விழாக் குழுவினர் கேட்டபோது, குடும்ப ஜெபத்தைப் பற்றியோ பிள்ளை வளர்ப்பைப் பற்றியோ பேசுவோம் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். "தலையில் அடிபடுவதைப் பற்றிப் பேசப் போகிறோம்" என்று சொன்னதும் செயலாளர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சாமியாருக்கு மறுபடியும் தலை சுற்ற ஆரம்பித்துவிட்டதோ என்று அவர் பயந்திருக்கக்கூடும். (சிரிப்பு)

நாம் குருமடத்தில் படித்தது தத்துவமும் இறையியலும்தான், மருத்துவம் படித்ததில்லை. ஆயினும் இரண்டு காரணங்களால் இதைப் பேசத் துணிகிறோம். ஒன்று, நாமே தலை அடிபட விழுந்து, ஐந்து மாதம் தடுமாறித் தேறியவர்கள். மற்றொன்று, நாம் விழுவதற்கு முன்பு இதே காயம் பட்ட நம் பங்குச் சகோதரர் ஒருவரிடம் நாம் தவறாக நடந்துகொண்டோம். இந்த இரண்டாவது காரணம்தான் நம்மை இங்கே நிற்க வைத்திருக்கிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறோம்.

அவர் ஒரு கொத்தனார். நல்ல உழைப்பாளி. வேலைத்தளத்தில் சாரத்திலிருந்து விழுந்தார். எட்டடி உயரம்தான். சற்று நேரம் நினைவு தப்பியது. பிறகு எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, "ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். கை கால் நன்றாக இருக்கிறது, ஒரு கட்டுகூட இல்லை. ஆனால் மூன்று மாதமாகியும் மனிதர் வேலைக்குப் போகவில்லை. பகலில் படுத்துக் கிடக்கிறார், பிள்ளைகள் சத்தம் போட்டால் சீறி விழுகிறார், கடைக்குப் போனால் வாங்க வேண்டியதை மறந்துவிட்டுத் திரும்புகிறார். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அவருடைய மனைவி நம்மிடம் வந்து அழுதார். நாம் அவரைப் பங்கு இல்லத்துக்கு அழைத்து விசாரித்தோம்.

அவர் சொன்னார்: "சாமி, குனிஞ்சு நிமிர்ந்தா பூமி சுத்துது. எத்தனை சட்டி மணல், எத்தனை சட்டி சிமெண்டுன்னு சித்தாள் கேட்டா கணக்கு வரமாட்டேங்குது. தலை வெடிக்குது."

நாம் சொன்னோம்: "ஸ்கேனில் ஒன்றும் இல்லையே, தம்பி. உடம்பில் ஒரு காயமும் இல்லை. மனசு வைத்தால் எல்லாம் சரியாகும். வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?"

அவர் பதில் பேசவில்லை. தலையைக் குனிந்தபடி போய்விட்டார். அதன்பின் கோவிலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். சோம்பேறித்தனத்துக்குப் புத்தி சொன்னோம் என்று நாம் திருப்தியாக இருந்தோம்.

அன்பர்களே, அடுத்த தவக்காலத்தில் நமக்குப் பாடம் வந்தது. தவக்காலத்தின் மூன்றாம் வாரம், வியாழக்கிழமை மாலை. கிளைக்கிராமத்தில் பூசை முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது, பிரேக்கைப் பிடித்தோம். அதற்குமேல் நினைவில்லை. அடுத்து நமக்கு நினைவில் இருப்பது, ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம், யாரோ முகத்தில் சோடாவைத் தெளிக்கிறார்கள். "பூசைக்கு நேரமாகிவிட்டதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டோமாம். பூசை வைத்து முடித்துவிட்டுத்தானே வந்தோம்! நம் தலைக்கவசம் வண்டியின் கண்ணாடிக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்த நம் தலைதான் தார்ச்சாலையில் மோதியது.

நமக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். நமக்கும் "நார்மல்" என்றார்கள். இரண்டு நாள் ஓய்வெடுக்கச் சொல்லி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். நாம் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் வெள்ளிக்கிழமையே சிலுவைப்பாதை நடத்தினோம். தவக்காலம் அல்லவா, படுத்திருக்க முடியுமா என்ற வீம்பு. அன்றிரவு ஒலிபெருக்கிச் சத்தம் மண்டைக்குள் சம்மட்டி அடிப்பதுபோல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கல்யாண ஓலை வாசிக்கும்போது வரிகள் நீந்தின. ஒரு வீட்டு மாப்பிள்ளைக்கு இன்னொரு வீட்டுப் பெண்ணை அறிவித்துவிட்டோம். நீங்கள் சிரித்தீர்கள், நாமும் சிரித்தோம். ஆனால் உள்ளுக்குள் பயந்து போனோம். கோவில்பிள்ளை வழக்கம்போல் மணியடித்ததற்கு அவரை எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டோம். இரவெல்லாம் விழிப்பு, பகலெல்லாம் அசதி. குருத்து ஞாயிறன்று பூசை நடுவில் பீடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பலர் பார்த்தீர்கள். புனித வாரத்துக்கு வேறொரு தந்தையை அனுப்பி ஆயரவர்கள் உதவினார்கள்.

பாஸ்கா முடிந்ததும் நம் தங்கை வீட்டுக்குப் போனோம். இப்போது நேர்மாறான தவற்றைச் செய்தோம். சன்னல்களைச் சாத்தி, இருட்டறையில் இரண்டு வாரம் அசையாமல் படுத்திருந்தோம். தலைவலி போகவில்லை. கால் பலவீனமாயிற்று, மனம் அதைவிடப் பலவீனமாயிற்று. இனி பூசை வைக்க முடியாதோ என்ற எண்ணம் இரவில் வந்து நெஞ்சின்மேல் உட்காரும். அதன்பிறகுதான் தங்கை நம்மை ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போனார். அந்த அம்மையார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டே கேள்விகள் கேட்டார். "ஃபாதர், கால் ஒடிந்திருந்தால் மறுநாளே சிலுவைப்பாதை நடத்தியிருப்பீர்களா? கட்டு அவிழ்த்த பிறகு இரண்டு மாதம் காலைத் தரையில் ஊன்றாமல் வைத்திருந்தால் நடக்கத்தான் வருமா?"

நம் முதல் தவறும் இரண்டாம் தவறும் அந்த இரண்டு கேள்விகளில் அடங்கிவிட்டன. அவர் நமக்கு விளக்கியதையும், பின்னர் நாம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதையும் இனி உங்களுக்குச் சொல்கிறோம்.

மனித மூளை ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ளது, மிக மென்மையானது. கபாலத்துக்குள் அது ஒரு நீரால் சூழப்பட்டு மிதந்தபடி இருக்கிறது. ஓடுகிற வண்டி சட்டென்று நின்றால் தூக்குவாளியிலுள்ள தயிர் என்ன ஆகிறது? வாளி நின்றுவிடும், தயிர் குலுங்கும். தலை மோதி நிற்கும்போது மூளையும் அப்படியே குலுங்கி, முறுகி, இழுபடுகிறது. உள்ளேயுள்ள மிக நுண்ணிய நரம்பிழைகள் நீட்டப்படுகின்றன. நரம்பணுக்களில் உப்புச் சத்துக்கள் இடம் மாறிப்போகின்றன. பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. இவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அணுக்களுக்கு மிகுந்த சக்தி தேவைப்படுகிறது. ஆனால் அந்த நேரத்தில் மூளைக்குப் போகும் இரத்த ஓட்டமோ குறைந்திருக்கலாம். செலவு அதிகம், வரவு குறைவு. நம் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரிந்த நிலைதான் இது! அடிபட்டவருக்கு அசதியும் மந்தமும் வருவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். இதைத்தான் மூளை அதிர்வு என்றும், மருத்துவர்கள் கன்கஷன் என்றும் சொல்கிறார்கள்.

ஸ்கேன் ஏன் இதைக் காட்டவில்லை? சி.டி. ஸ்கேன் எடுப்பது உயிருக்கு ஆபத்தான இரத்தக் கசிவு, எலும்பு முறிவு, வீக்கம் ஆகியவற்றைக் கண்டுபிடிப்பதற்காக. அந்த வேலையை அது நன்றாகச் செய்கிறது. நுண்ணிழைகள் இழுபட்டதும் சக்திக் குறைபாடும் அதில் தெரியாது. ஸ்கேன் நார்மல் என்றால் "இப்போது அறுவைச் சிகிச்சைக்குரிய ஆபத்து தென்படவில்லை" என்று பொருள். "காயமே இல்லை" என்று பொருள் அல்ல. இந்த ஒரு வேறுபாடு தெரியாமல்தான் நாம் அந்தக் கொத்தனாரை நோகடித்தோம்.

"லேசான காயம்" என்ற சொல்லும் நம்மை ஏமாற்றுகிறது. 1974-ம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னெட் என்ற இரு மருத்துவப் பேராசிரியர்கள் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அடிபட்டவர் கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, சொன்னபடி கை காலை அசைக்கிறாரா என்று பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுவார்கள். 13 முதல் 15 வரை வாங்கினால் லேசான காயம். இது அடிபட்ட வேளையில் போடும் மதிப்பெண். அடுத்த மாதம் அவர் வேலைக்குப் போக முடியுமா, கணக்குப் போட முடியுமா என்பதை அது சொல்லாது. பரீட்சையில் 15-க்கு 15 வாங்கிய நாம்தான் மாப்பிள்ளையை மாற்றி ஓலை வாசித்தோம்!

காயத்தின் அடையாளங்கள் உடனே தெரிய வேண்டும் என்பதும் இல்லை. கிரிக்கெட் பார்க்கும் இளைஞர்களுக்கு இது நினைவிருக்கும். 2019 ஆகஸ்டில் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலிய வீரர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பந்து பட்டது. சோதித்துப் பார்த்தார்கள், தேறியிருந்தார். திரும்பி வந்து மட்டை பிடித்து 92 ஓட்டங்கள் வரை போனார். ஆனால் மறுநாள் காலை தலைவலியும் மந்தமும் தோன்றின. உடனே அவரை நிறுத்தினார்கள். அந்த மாதம்தான் டெஸ்ட் பந்தயங்களில் மூளை அதிர்வு கண்டவருக்குப் பதிலாள் இறக்கலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்திருந்தது. அவருக்குப் பதிலாக லபுஷேன் ஆடினார். அடுத்த டெஸ்டிலும் ஸ்மித் ஆடவில்லை. அதற்கடுத்த டெஸ்டில் வந்து 211 ஓட்டங்கள் எடுத்தார். காயத்தை ஒப்புக்கொண்டு ஒதுங்கியதால் அவர் சிறுமைப்படவில்லை. முழுதாகத் திரும்பி வந்தார்.

இதற்கு நேர்மாறான ஒரு துயரமும் உண்டு. 2006-ம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் தலையில் அடிபட்டான். சற்று ஓய்வுக்குப்பின் அன்றே மறுபடியும் ஆட்டத்தில் இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தான். மூளையில் இரத்தக் கசிவு. உயிர் பிழைத்தான், ஆனால் எழுந்து நிற்கவும் பேசவும் மீண்டும் கற்க ஆண்டுக்கணக்கில் பாடுபட வேண்டியிருந்தது. அவனுடைய பெயராலேயே 2009-ல் அந்த மாநிலத்தில் லிஸ்டெட் சட்டம் வந்தது: தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் எழுந்தால் அந்த மாணவனை உடனே வெளியேற்ற வேண்டும், மருத்துவத் துறையினர் எழுத்தில் அனுமதித்த பின்பே மறுபடி சேர்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்குள் அமெரிக்க மாநிலங்கள் எல்லாவற்றிலும் இத்தகைய சட்டம் பரவியது. நம் பங்கின் கபடி, வாலிபால் குழுத் தலைவர்களே, நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். திருவிழாக் கோப்பை அடுத்த வருடமும் வரும்.

இனித் தேறும் வழிக்கு வருவோம்.

முதலாவது, அபாயக் குறிகளை எல்லாரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, நேரம் ஆக ஆகக் கூடும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, கண்மணிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருத்தல், மூக்கிலோ காதிலோ இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல், ஆளை அடையாளம் தெரியாத குழப்பம். இவற்றில் ஒன்று கண்டாலும் பற்றுப் போட்டுப் பார்ப்பதும் மந்திரிக்கப் போவதும் வேண்டாம், 108-ஐ அழையுங்கள். சாலை விபத்தில் காயமுற்றவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தர 2021-ம் ஆண்டு நம் தமிழ்நாட்டு அரசு ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. கையில் பணம் இல்லையே என்று தயங்கி நிற்காதீர்கள்.

இருவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவர் முதியவர், குறிப்பாக இருதய நோய்க்கு இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். குளியலறையில் வழுக்கி விழுந்தால் அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வாரம் கழித்து, "தாத்தா தடுமாறுகிறார், பேச்சு மாறிப் போயிற்று" என்பீர்கள். வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மெல்ல மெல்ல இரத்தம் சேர்ந்திருக்கலாம். காலத்தோடு கண்டால் குணப்படுத்தலாம். மற்றவர் குடித்துவிட்டு விழுந்தவர். "போதை தெளிந்தால் எழுந்துவிடுவான்" என்று திண்ணையில் கிடத்திப் போவார்கள். அந்த மயக்கம் மதுவால் வந்ததா அடியால் வந்ததா என்று நமக்குத் தெரியாது. மருத்துவரே பார்க்கட்டும்.

இரண்டாவது, முதல் ஒன்றிரண்டு நாட்கள் ஓய்வு. மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு தூங்கலாம்; தூக்கமே மருந்து. "தலையில் அடிபட்டவனைத் தூங்கவிடாதே" என்று விடிய விடிய உலுக்கி எழுப்ப வேண்டியதில்லை. ஆனால் முதல் நாள் அவரைத் தனியாக விடாதீர்கள்; பக்கத்தில் ஓர் ஆள் இருந்து மூச்சையும் நிலைமையையும் கவனிக்கட்டும். செல்போன், தொலைக்காட்சி இரண்டையும் குறைக்க வேண்டும். மது அறவே கூடாது. மருத்துவர் சொல்லும்வரை வண்டி ஓட்டக் கூடாது. வலி மாத்திரை எது, எத்தனை என்பதை மருத்துவரே சொல்லட்டும். மாதக்கணக்கில் தினமும் விழுங்கினால் அந்த மாத்திரையே புதுத் தலைவலியை உண்டாக்கும்.

மூன்றாவது, ஓய்வு ஓய்வாகவே நீண்டுவிடக் கூடாது. இதுதான் அண்மைக் காலத்தில் மருத்துவ உலகம் தன் கருத்தை மாற்றிக்கொண்ட இடம். முன்பு, எல்லாம் சரியாகும்வரை இருட்டறையில் படுத்திரு என்பார்கள். 2015-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 11 முதல் 22 வயது வரையுள்ளவர்களை இரு பிரிவாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். ஐந்து நாள் கடும் ஓய்வில் வைக்கப்பட்டவர்கள், ஓரிரு நாள் ஓய்வுக்குப்பின் மெல்ல வழக்கத்துக்குத் திரும்பியவர்களைவிடக் கூடுதலான தொல்லைகளைச் சொன்னார்கள். 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலக நிபுணர்களும் விளையாட்டில் அடிபடுகிறவர்களுக்கு இதையே வற்புறுத்தினார்கள்: 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மெல்ல நடக்கத் தொடங்கலாம்.

எவ்வளவு நடப்பது? அதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. தொல்லை இல்லாவிட்டால் பூஜ்யம், தாங்க முடியாவிட்டால் 10 என்று தலைவலிக்கு நீங்களே மதிப்பெண் போடுங்கள். ஒரு வேலையைச் செய்யும்போது அது இரண்டு மதிப்பெண்ணுக்குள் கூடி, ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டால் பயமில்லை. அதற்குமேல் போனால் நிறுத்தி ஓய்வெடுத்து, மறுநாள் சற்றுக் குறைவாகச் செய்யுங்கள். நாம் இப்படித்தான் திரும்பினோம். முதலில் கோவில் வளாகத்தைச் சுற்றிப் பத்து நிமிட நடை. பிறகு ஒலிபெருக்கி இல்லாத வார நாள் பூசை, பிரசங்கம் இல்லாமல். பிறகு ஐந்து நிமிடப் பிரசங்கம். நமது பிரசங்கம் ஐந்து நிமிடத்தில் முடிந்த காலம் அது ஒன்றுதான் என்று நீங்கள் இன்றும் ஏக்கத்தோடு பேசிக்கொள்வது நம் காதில் விழுந்திருக்கிறது! (சிரிப்பு) விண்ணேற்புத் திருவிழாவன்று பாடற்பூசையை முழுமையாக நிறைவேற்றினோம். விழுந்து ஐந்து மாதமாயிற்று.

பயப்படாதீர்கள், பெரும்பாலோருக்கு இவ்வளவு காலம் ஆகாது. பலர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். சிறு பகுதியினருக்குத்தான் மூன்று மாதத்துக்கு மேலும் நீடிக்கிறது. அப்படி நீடித்தால் விதியென்று விட்டுவிடாமல், எந்தத் தொல்லை எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அடியோடு கழுத்தும் சுளுக்கியிருந்தால் அதிலிருந்தே தலைவலி வரலாம், பிசியோதெரபி உதவும். குனிந்து நிமிரும்போதும் படுக்கையில் புரளும்போதும் பூமி சுற்றினால், உட்காதிலுள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்திருக்கலாம். அமெரிக்க மருத்துவர் எப்லி வகுத்த ஒரு முறை உண்டு. தலையை வரிசையாகச் சில கோணங்களில் திருப்பி அத்துகள்களை உரிய இடம் சேர்ப்பார்கள். மருந்தில்லை, ஊசியில்லை, சில நிமிட வேலை. கற்றவர்தான் செய்ய வேண்டும். தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் தனித்தனி உதவிகள் உள்ளன. மனச்சோர்வு பலவீன விசுவாசத்தின் அடையாளம் என்று யாராவது சொன்னால், சாமியாருக்கே வந்தது என்று சொல்லுங்கள்.

நான்காவது, தேற்றுகிறவர்களின் கடமை. தேறுவது அடிபட்டவரின் வேலை. தேற்றுவது நம் எல்லாருடைய வேலை. முதல் கடமை நம்புவது. "இன்னுமா சரியாகவில்லை?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இன்று எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். அவர் கோபப்பட்டால் அதில் காயத்தின் பங்கும் உண்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் மனைவியையோ பிள்ளைகளையோ அடிக்கும் அளவுக்குப் போனால் மறைக்காமல் உதவி கேளுங்கள். சொல்வதை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், வாங்க வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். முதலாளிமார்களே, மேஸ்திரிமார்களே, முதல் சில வாரம் அரை நாள் வேலை, உயரம் ஏறாத வேலை கொடுங்கள். ஆசிரியர்களே, பிள்ளைக்குப் பரீட்சையில் கூடுதல் நேரமும் வகுப்பில் சற்று ஓய்வும் கொடுங்கள். வின்சென்ட் தே பவுல் சபையார், கட்டுப்போட்ட காலைக் கண்டால் அரிசி கொடுக்கிறீர்கள். கட்டில்லாத தலையையும் கண்டு கொடுங்கள்.

தலைக்கவசம் பற்றி நாம் பேச வெட்கப்பட வேண்டும். ஆனாலும் பேசுகிறோம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்குத் தலைக்கவசம் தலைக்காயத்தை ஏறத்தாழ 69 விழுக்காடும், மரணத்தை 42 விழுக்காடும் குறைக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். தாடைப் பட்டையை மாட்டுங்கள். பின்னால் உட்காரும் மனைவிக்கும் ஒன்று வாங்குங்கள். கண்ணாடிக் கம்பிக்குத் தலைக்கவசம் தேவையில்லை.

இறுதியாக அந்தச் சகோதரரிடம் திரும்புவோம். அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம், பெயர் சொல்லவில்லை. நமக்கு நடை பழகத் தொடங்கிய நாட்களில், முதன்முதலாக வளாகத்தைத் தாண்டி நடந்தது அவர் வீட்டுக்குத்தான். வாசலில் நின்று, "தம்பி, அன்றைக்கு நாம் பேசியது தவறு. மன்னிக்க வேண்டும்" என்றோம். அவர் நம்மைச் சற்று நேரம் பார்த்தார்.

"இப்ப நம்புறீங்களா சாமி?"

"நம்புகிறோம், தம்பி. நமக்கும் சுற்றியது."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். அவர் குரலைத் தாழ்த்தி நம்மிடம் சொன்னார்: "இத என் வீட்டுக்காரிகிட்ட ஒரு தடவ சொல்லுங்க சாமி."

பணம் கேட்கவில்லை, வேலைக்குச் சிபாரிசு கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தைதான் கேட்டார். ஓராண்டுக்கு மேல் அந்த வீட்டில் ஒரு மனிதர் பொய்யர் என்ற பெயரோடு வாழ்ந்திருக்கிறார்; அந்தப் பெயருக்கு நாமும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அன்று அந்த அம்மாளிடம் சொன்னோம். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியாமப் போச்சே சாமி" என்றார். "எங்களுக்கும் தெரியவில்லை, அம்மா" என்றோம்.

பிறகு அவரையும் மருத்துவரிடம் அனுப்பினோம். குனிந்தால் சுற்றியது உட்காதுத் துகள்களால்தான். அது விரைவில் சரியாயிற்று. கணக்கு மெல்ல மெல்லத் திரும்பியது. முதலில் தரைத்தளப் பூச்சு வேலைக்கு அரை நாள் போனார். பிறகு முழு நாள். உச்சி வெயிலில் இன்றும் அவருக்குத் தலை வலிக்கிறது. சாரம் ஏறுவதை விட்டுவிட்டு டைல்ஸ் பதிக்கும் வேலையைக் கற்றுக்கொண்டார். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த மண்டபத்தின் தளம் பொன்விழாவுக்காகப் புதுப்பிக்கப்பட்டது அல்லவா? கீழே ஒருமுறை பாருங்கள். கல்லுக்குக் கல் கோடு பிசகவில்லை. கணக்கு வரவில்லை என்று நம்மிடம் சொன்ன அதே மனிதரின் கைதான் இது.

அன்பர்களே, ஐம்பது ஆண்டுகளில் நம் பங்கு கோபுரம் கட்டியது, பள்ளிக்கூடம் கட்டியது, கெபி கட்டியது. கண்ணால் காண்கிற காயத்துக்குக் கட்டுப்போடவும் நமக்குத் தெரியும். இந்த ஆண்டில், கண்ணுக்குத் தெரியாத காயத்தோடு நம் பக்கத்து வீட்டில் இருப்பவரை நம்பவும் கற்றுக்கொள்வோம். அப்படி ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், இன்றிரவு வீட்டுக்குப் போகும் வழியில் அவர் வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களைக் காப்பாராக.